பழைய இயங்குதளத்தில் நிரல் திறக்கவில்லையா? ரன்டைம் லைப்ரரிக் கோளாறுகளை அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கம்பைலரை (கோடை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) தொகுத்து வெளியிடுகிறவர்களுக்கு வரும் புகார்களைப் படித்துப் பாருங்கள். "எழுதிய கணினியில் ஓடுகிறது, விண்டோஸ் 7-இல் திறக்கவே இல்லை." "பழைய செர்வரில் ஏற்றினால் ஏதோ பதிப்பு இல்லை என்கிறது." கோடில் பிழை தேடி நாள் கணக்கில் அலைகிறார்கள். பெரும்பாலும் கோடில் ஒன்றும் இருக்காது. நிரலுக்கு அடியில் இருக்க வேண்டிய ரன்டைம் லைப்ரரி, அதாவது நிரல் ஓடும்போது துணைக்கு அழைக்கும் ஆயத்தக் கோடுத் தொகுப்பு, அங்கே இல்லை, அல்லது தவறான பதிப்பு இருக்கிறது, அல்லது இருக்கவே கூடாத இடத்தில் இருக்கிறது.

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒரு விஷயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பைலருடன் ரன்டைமைச் சேர்த்து அனுப்புகிறோம் என்றால் அதில் இரண்டு தனித்தனித் தேவைகள் இருக்கின்றன. கம்பைலரும் ஒரு நிரல்தான், அது ஓட அதற்கொரு ரன்டைம் வேண்டும். அந்தக் கம்பைலர் உருவாக்கித் தரும் நிரலுக்கு வேறொரு ரன்டைம் வேண்டும். இரண்டும் ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் கிடப்பதால் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்து பிறந்தவை.

இன்னொன்று, எந்த லைப்ரரி யாருடைய பொறுப்பு என்பது. விண்டோஸின் கெர்னல்32, லினக்ஸின் ஜிலிப்சி, மேக்கின் லிப்சிஸ்டம் ஆகியவை இயங்குதளத்தின் சொத்து. அவற்றை நாம் சுமந்து போகக் கூடாது. கம்பைலர் கொண்டுவந்த சி++ லைப்ரரி, எக்ஸப்ஷன் (நிரல் எறியும் பிழை அறிவிப்பு) கையாளும் துணை நிரல்கள், த்ரெட் (ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) லைப்ரரி ஆகியவை நம் பொறுப்பு. அவை அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அறிகுறி: டெர்மினலில் ஓடுகிறது, இருமுறை கிளிக் செய்தால் ஓடவில்லை

மிங்டபிள்யூ என்ற தொகுப்பின் வழி விண்டோஸுக்கு ஜிசிசி கம்பைலரைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் சந்திப்பது இதைத்தான். எடிட்டரின் டெர்மினலிலிருந்து ஓட்டினால் சரியாக ஓடும். கோப்புறையைத் திறந்து கிளிக் செய்தால் லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++-6, லிப்வின்பித்ரெட்-1 இவற்றில் ஏதோ ஒரு டிஎல்எல் (விண்டோஸின் பகிர்ந்த லைப்ரரிக் கோப்பு) இல்லை என்று பெட்டி வரும். எடிட்டர் தன் பாத் (PATH) மாறியில், அதாவது கோப்புகளைத் தேடும் கோப்புறைப் பட்டியலில், கம்பைலரின் பின் (bin) கோப்புறையைச் சேர்த்து வைத்திருக்கும். அங்கே கம்பைலர் தனக்காக வைத்திருந்த ரன்டைமை உங்கள் நிரல் இரவல் வாங்கி ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர் கணினியில் இரவல் தர யாரும் இல்லை.

தீர்வு இரண்டு. அந்த டிஎல்எல்களை நிரல் இருக்கும் கோப்புறையிலேயே நகலெடுத்து வைக்கலாம். விண்டோஸ் லோடர் (நிரலையும் அதன் டிஎல்எல்களையும் நினைவகத்தில் ஏற்றும் பகுதி) முதலில் தேடுவது நிரலின் சொந்தக் கோப்புறையைத்தான். அல்லது லிங்கரிடம் (நிரலின் துண்டுகளை ஒன்றாக ஒட்டும் கருவி) லைப்ரரியை நிலையாக, அதாவது நிரல் கோப்புக்குள்ளேயே, இணைக்கச் சொல்லலாம். லிப்ஜிசிசிக்கும் லிப்எஸ்டிடிசி++க்கும் மட்டும் ஸ்டேட்டிக் தெரிவைக் கொடுத்தவர்கள், லிப்வின்பித்ரெட் மட்டும் இன்னும் கேட்கிறதே என்று திகைப்பார்கள். அந்த இரண்டு தெரிவுகளும் த்ரெட் லைப்ரரியைத் தொடுவதில்லை. வெறும் ஸ்டேட்டிக் என்ற முழுத் தெரிவைக் கொடுத்தால் அதுவும் உள்ளே போய்விடும்.

நிரலுடன் உங்கள் சொந்த டிஎல்எல்களும் இருந்து, ஒன்றில் எறியப்படும் எக்ஸப்ஷனை இன்னொன்று பிடிக்கிறது என்றால் நிலை இணைப்பு வேண்டாம். அங்கே எல்லோரும் ஒரே பகிர்ந்த லிப்ஜிசிசியைப் பயன்படுத்த வேண்டும் என்று ஜிசிசியின் ஆவணமே சொல்கிறது.

இதற்கு ஒரு கிளை அறிகுறியும் உண்டு. டிஎல்எல் இல்லை என்று வராது. லிப்எஸ்டிடிசி++-6-இல் ஏதோ நீண்ட, படிக்க முடியாத பெயருள்ள நுழைவுப் புள்ளி, அதாவது வெளியிலிருந்து அழைக்கும் செயல்கூறு, கிடைக்கவில்லை என்று வரும். அந்தக் கணினியில் வேறு ஏதோ மென்பொருள் தன் பழைய லிப்எஸ்டிடிசி++-6-ஐப் பாத்தில் வைத்திருக்கிறது, உங்கள் நிரல் அதைப் போய்ப் பிடித்துவிட்டது என்று பொருள். விண்டோஸில் ஒரு டிஎல்எல்லுக்குள் சிம்பல் (செயல்கூறின் பெயர்) வாரியாகப் பதிப்பு குறிக்கும் ஏற்பாடு கிடையாது. பெயர் பொருந்தினால் போதும், லோடர் ஏற்றிவிடும். நிரலின் கோப்புறையில் சரியான நகலை வைத்தால் இது தீர்ந்துவிடும்.

அறிகுறி: விஷுவல் சி++ நிரல், "இந்த டிஎல்எல் இல்லாததால் தொடங்க முடியவில்லை"

பில்ட் (நிரலைக் கட்டும் வேலை) பதிவில் இது -1073741515 என்ற எண்ணாகத் தெரியும். பதினாறடி எண்ணில் சி0000135. எந்தக் கோப்பு இல்லை என்று சொல்கிறதோ, அந்தப் பெயர்தான் துப்பு. அதை எழுத்து விடாமல் படியுங்கள்.

விசிரன்டைம்140 அல்லது எம்எஸ்விசிபி140 என்றால் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், அதாவது இந்த ரன்டைமை நிறுவ மைக்ரோசாஃப்ட் தரும் தொகுப்பு, நிறுவப்படவில்லை. 2015 முதல் 2022 வரையான விஷுவல் ஸ்டூடியோக்கள் எல்லாம் இந்த 14-ஆம் வரிசை ரன்டைமையே பகிர்கின்றன, எனவே அந்தக் கணினியின் விண்டோஸ் ஏற்கும் பதிப்புகளில் புதியது ஒன்று போதும்.

விசிரன்டைம்140_1, அதாவது கடைசியில் அடிக்கோடும் ஒன்றும் உள்ள பெயர் என்றால் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இருக்கிறது, பழையது. இந்தக் கோப்பு விஷுவல் ஸ்டூடியோ 2019 காலத்தில் 64-பிட் நிரல்களுக்கு வந்த புதிய எக்ஸப்ஷன் கையாளும் முறைக்கானது. 2015-இன் தொகுப்பில் அது கிடையாது. விசிரன்டைம்140-ஐ மட்டும் நகலெடுத்து அனுப்பும் இன்ஸ்டாலர்கள் இதில்தான் மாட்டுகின்றன.

ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் நீண்ட பெயரோ, யூசிஆர்டிபேஸோ என்றால் யூனிவர்சல் சிஆர்டி இல்லை. 2015-இல் மைக்ரோசாஃப்ட் சி ரன்டைமை இரண்டாகப் பிளந்தது. கம்பைலரோடு மாறுகிற பகுதி விசிரன்டைம் ஆனது. மாறாத பகுதி யூனிவர்சல் சிஆர்டி என்ற பெயரில் விண்டோஸ் 10-இன் அங்கமானது. விஸ்டா சர்வீஸ் பேக் 2, விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1, 8, 8.1 ஆகியவற்றுக்கு அது கேபி2999226 என்ற அப்டேட்டாக வந்தது. அந்த அப்டேட் ஏறாத கணினியில்தான் இந்தப் பிழை.

பெயரின் கடைசியில் டி (d) என்ற எழுத்து கூடுதலாக ஒட்டியிருந்தால் (விசிரன்டைம்140டி, யூசிஆர்டிபேஸ்டி) நீங்கள் அனுப்பியது டீபக் பில்ட், பிழை தேடுவதற்காகக் கட்டியது. அந்தக் கோப்புகளைத் தேடிப் பிடித்து அனுப்பாதீர்கள். அவற்றை விநியோகிக்க உரிமம் இடம் தரவில்லை. ரிலீஸ் பில்ட் செய்து அனுப்புங்கள்.

இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. டிஎல்எல் பெயரைத் தேடினால், தனிக் கோப்பாக இறக்கித் தரும் தளங்கள் வரிசையாக வரும். அங்கிருந்து எடுத்து சிஸ்டம்32-இல் போடச் சொல்லிப் பயனரை ஒருபோதும் அனுப்பாதீர்கள். எந்தப் பதிப்பு, யார் தொட்டது என்று தெரியாத கோப்பு அது. இன்றைய பிழை போய், நாளை வேறொரு நிரல் உடையும். ஒன்றும் அறியாத பயனரின் கணினியை அப்படிக் கெடுக்க நமக்கு உரிமையில்லை.

யூனிவர்சல் சிஆர்டியை நிரலோடு சேர்த்து அனுப்ப முறையான வழி இருக்கிறது. விண்டோஸ் எஸ்டிகேயின் (விண்டோஸ் நிரல் கட்டும் கருவித் தொகுப்பு) ரீடிஸ்ட் கோப்புறைக்குள் யூசிஆர்டி என்று ஒன்று இருக்கும். அதில் 32-பிட்டுக்கும் 64-பிட்டுக்கும் தனித்தனியாக யூசிஆர்டிபேஸும் ஏபிஐ-எம்எஸ்-வின் என்று தொடங்கும் சிறு டிஎல்எல்களும் இருக்கும். எல்லாவற்றையும் நகலெடுங்கள். என் நிரலுக்கு ரன்டைம், ஸ்ட்ரிங் என்ற பெயருள்ள இரண்டு டிஎல்எல் போதுமே என்று பொறுக்கி எடுத்தால், யூசிஆர்டிபேஸ் தானே கேட்கும் வேறொன்று விட்டுப்போகும். விண்டோஸ் 10-இலும் 11-இலும் உங்கள் நகல் புதியதாக இருந்தாலும் லோடர் அதைப் பார்க்காது, இயங்குதளத்தின் நகலையே எடுத்துக்கொள்ளும். ஆகவே சேர்த்து அனுப்பியதால் புதிய கணினிகளில் எதுவும் கெடாது.

அறிகுறி: ரீடிஸ்ட்ரிபியூட்டபிளே நிறுவ மறுக்கிறது

விண்டோஸ் 7-இல் 80240017 என்ற எண்ணோடு இன்ஸ்டாலர் நின்றுபோனால், கோளாறு உங்கள் தொகுப்பில் இல்லை. உள்ளே இருக்கும் யூனிவர்சல் சிஆர்டி அப்டேட்டை அந்த விண்டோஸ் ஏற்கவில்லை. பெரும்பாலும் சர்வீஸ் பேக் 1 போடாத கணினி. 8.1-இல் கேபி2919355 முன்பே இருக்க வேண்டும். சர்வீஸ் பேக் போட முடியாத கணினி என்றால் மேலே சொன்னபடி நிரலோடு சேர்த்து வைப்பது அல்லது நிலை இணைப்பு, இரண்டில் ஒன்றுதான் வழி.

அறிகுறி: சி000007பி

இது -1073741701 என்றும் தெரியும். 64-பிட் நிரல் 32-பிட் டிஎல்எல்லை ஏற்றப் போயிருக்கிறது, அல்லது மறுதலை. கோப்பின் பெயர் ஒன்றே என்பதால் கண்ணுக்குத் தெரியாது. 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பது 64-பிட் கோப்புகள், சிஸ்வாவ்64-இல் இருப்பது 32-பிட் கோப்புகள். பெயரை நம்பி நகலெடுத்தவர்கள் எல்லோரும் இதில் இடறியிருப்பார்கள்.

அறிகுறி: "செல்லுபடியாகும் வின்32 நிரல் அல்ல", அல்லது கெர்னல்32-இல் நுழைவுப் புள்ளி இல்லை

முதலாவது விண்டோஸ் எக்ஸ்பியில் வரும். கோப்பு சிதைந்திருக்கிறது என்று நினைத்து மீண்டும் மீண்டும் நகலெடுப்பார்கள். நிரல் கோப்பின் தலைப்பகுதியில், குறைந்தது எந்தச் சப்சிஸ்டம் பதிப்பு வேண்டும் என்று ஒரு எண் இருக்கிறது. விஷுவல் ஸ்டூடியோ 2012 முதல் அது 6.0, அதாவது விஸ்டா. எக்ஸ்பி அந்த எண்ணைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிடும். லிங்கரின் சப்சிஸ்டம் தெரிவில் 32-பிட்டுக்கு 5.01, 64-பிட்டுக்கு 5.02 என்று கொடுத்தால் கதவு திறக்கும்.

திறந்தபின் இரண்டாவது பிழை வரும்: கெட்டிக்கவுண்ட்64, இனிஷியலைஸ்கிரிட்டிக்கல்செக்‌ஷன்எக்ஸ் போன்ற பெயர் கெர்னல்32-இல் இல்லை என்று. இவை இரண்டும் விஸ்டாவில் வந்தவை. நீங்கள் அவற்றை அழைக்காவிட்டாலும் உங்கள் ரன்டைம் அழைக்கிறது. தலைப்பகுதி எண்ணை மட்டும் மாற்றி ஏமாற்ற முடியாததற்குக் காரணம் இதுவே. எக்ஸ்பிக்காகவே கட்டிய ரன்டைம் வேண்டும். அதற்கான கடைசி டூல்செட் (கம்பைலரும் லைப்ரரிகளும் சேர்ந்த தொகுதி) விஷுவல் ஸ்டூடியோ 2017-இன் வி141_எக்ஸ்பி. எக்ஸ்பியில் ஓடும் கடைசி ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் 2019-இன் 16.7 பதிப்போடு வந்த 14.27. அதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதே நோய் மற்ற மொழிகளிலும் உண்டு. விண்டோஸ் 7-இல் பிகிரிப்ட்ப்ரிமிட்டிவ்ஸ் என்ற டிஎல்எல்லில் ப்ராசஸ்பிஆர்என்ஜி இல்லை என்று வந்தால், அது ரஸ்ட் 1.78 அல்லது அதற்குப் பிந்தைய கம்பைலரால் உருவான நிரலாக இருக்க வாய்ப்பு மிகுதி. 2024-இல் வந்த அந்தப் பதிப்பு முதல் ரஸ்டின் வழக்கமான இலக்குகளுக்கு விண்டோஸ் 10 கட்டாயம். கோ மொழியில் விண்டோஸ் 7-க்குக் கடைசி 1.20. இங்கே ரன்டைம் நிரலுக்குள்ளேயே கலந்திருப்பதால் எந்த டிஎல்எல்லைச் சேர்த்து அனுப்பியும் பயனில்லை. பழைய கம்பைலரால் மீண்டும் பில்ட் செய்ய வேண்டும். ரஸ்டில் விண்டோஸ் 7-க்கென்று தனி இலக்கு இருக்கிறது, ஆனால் அது மூன்றாம் அடுக்கு, ஆயத்தமான லைப்ரரி கிடைக்காது, நீங்களே கட்ட வேண்டும்.

அழைப்பது உங்கள் கோடாகவே இருந்தால் வேலை எளிது. வின்32 குறைந்தபட்சப் பதிப்பு மேக்ரோவை விண்டோஸ் 7-க்கான 0601 என்று வைத்துவிட்டால், பிந்தைய செயல்கூறுகள் கம்பைல் நேரத்திலேயே மறைந்து பிழை காட்டும். துல்லிய நேரம் தரும் விண்டோஸ் 8 செயல்கூறு போன்றவை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடலாம் என்றால் கெட்ப்ராக்அட்ரஸ் மூலம் இயக்க நேரத்தில் தேடி, கிடைக்காதபோது பழையதை அழையுங்கள்.

அறிகுறி: திறக்கிறது, உடனே எம்எஸ்விசிபி140-க்குள் விழுகிறது

எனக்குத் தெரிந்து இந்தப் பட்டியலில் அதிகம் அலையவைப்பது இதுதான். எல்லா டிஎல்எல்லும் இருக்கின்றன, பிட் கணக்கு சரி, பிழைப் பெட்டியும் வரவில்லை. முதல் மியூடெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டை, பூட்டும் இடத்தில் சி0000005 என்று நிரல் சாகிறது. அழைப்பு அடுக்கை (call stack) திறந்தால் உங்கள் கோடு எளிய ஒரு லாக் வரியில் நிற்கும்.

விஷுவல் ஸ்டூடியோ 2022-இன் 17.10 பதிப்பில் மியூடெக்ஸின் கன்ஸ்ட்ரக்டர் (அதைத் தொடங்கிவைக்கும் செயல்கூறு) கம்பைல் நேரத்திலேயே மதிப்பிடக் கூடியதாக மாற்றப்பட்டது. அதற்கு ஏற்றபடி எம்எஸ்விசிபி140-இன் உட்புறமும் மாறியது. புதிய கம்பைலரின் நிரல் பழைய எம்எஸ்விசிபி140-ஐச் சந்தித்தால், பழையது எதிர்பார்க்கும் தொடக்க நிலை அங்கே இருக்காது, வெற்று முகவரியைத் தொட்டுவிடும். விதி எளியது, எப்போதும் இருந்ததுதான்: ரன்டைம், நிரலைக் கட்டிய டூல்செட்டுக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். பல ஆண்டுகள் இந்த விதியை மீறியும் தப்பித்தவர்கள் 17.10-இல் பிடிபட்டார்கள்.

கணினியில் புதிய ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இருந்தும் இது நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நிரலின் கோப்புறையில் நீங்களே வைத்த எம்எஸ்விசிபி140 இன்னும் அங்கேயே இருக்கும், லோடர் அதைத்தான் முதலில் எடுக்கும். உங்கள் நிரல் வேறொரு பெரிய மென்பொருளுக்குள் செருகப்படும் ப்ளகின் என்றால், அந்த மென்பொருள் வைத்திருக்கும் பழைய நகல் முன்பே நினைவகத்தில் ஏறியிருக்கும். ப்ராசஸ் மானிட்டரில் அந்த டிஎல்எல் எந்தப் பாதையிலிருந்து ஏறியது என்று பாருங்கள். பாதை தெரிந்தால் பாதிக் கதை முடிந்தது.

உங்கள் சொந்தக் கோப்புறை என்றால் புதிய நகலை வையுங்கள். பிறர் மென்பொருள் என்றால் அதை உங்களால் மாற்ற முடியாது. மியூடெக்ஸ் மாற்றத்தை விலக்கும் மேக்ரோ ஒன்றை மைக்ரோசாஃப்ட் அளித்திருக்கிறது, அதைக் கொடுத்து மீண்டும் கட்டலாம். அது ஒரு தற்காலிக ஒட்டுதான். ப்ளகின் எழுதுகிறவர்கள் நிலை இணைப்பை யோசிக்க வேண்டிய இடமும் இது.

நிலை இணைப்பு என்றதும் எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ப்ராஜெக்ட் அமைப்பில் கோட் ஜெனரேஷன் பகுதியில் ரன்டைம் லைப்ரரியை மல்டி-த்ரெடட் என்று வைத்தால், ஒவ்வொரு டிஎல்எல்லுக்கும் தனி ரன்டைம் உருவாகும். ஒன்றில் திறந்த கோப்பை இன்னொன்றில் மூட முடியாது. ஸ்ட்ரிங்கையோ வெக்டரையோ எல்லை தாண்டி அனுப்புவதும் அபாயம். தவிர, ஒவ்வொரு நிலை ரன்டைமும் ஃபைபர் நினைவிடம் (தனித் தரவு வைக்க விண்டோஸ் தரும் இடம்) ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பழைய விண்டோஸில் ஒரு ப்ராசஸுக்கு 128 தான் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட ப்ளகின்களை ஏற்றும் மென்பொருளில், கடைசியாக வரும் டிஎல்எல் காரணமே சொல்லாமல் ஏற மறுக்கும். தனி நிரல் ஒன்று என்றால் நிலை இணைப்பு தாராளமாக நல்லது. பல டிஎல்எல் கொண்ட தொகுப்பு என்றால் பகிர்ந்த ரன்டைமையே நான் பரிந்துரைப்பேன்.

அறிகுறி: எக்ஸ்பியில் டிஎல்எல் ஏறியதும் விழுகிறது, அல்லது பழைய ப்ராசசரில் விழுகிறது

செயல்கூறுக்குள் இருக்கும் ஸ்டேட்டிக் மாறிகளை, பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொட்டாலும் பாதுகாப்பாகத் தொடங்க, விஷுவல் ஸ்டூடியோ 2015 முதல் த்ரெட் நினைவிடம் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியான இடம்) பயன்படுகிறது. விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸில், லோட்லைப்ரரியால் பிற்பாடு ஏற்றப்படும் டிஎல்எல்லுக்கு அந்த நினைவிடம் ஒதுக்கப்படாது. நிரலோடு தொடக்கத்திலேயே ஏறும் டிஎல்எல் ஓடும், ப்ளகினாக ஏறும் அதே டிஎல்எல் விழும் என்ற விசித்திரத்துக்கு இதுவே காரணம். கம்பைலரின் இசட்சி (/Zc) தெரிவுகளில் த்ரெட்சேஃப்இனிட் என்பதை மைனஸ் போட்டு அணையுங்கள். அணைத்தபின் அந்தப் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு.

சி000001டி, அதாவது -1073741795 என்றால் ப்ராசசர் அறியாத கட்டளை. 32-பிட்டில் விஷுவல் ஸ்டூடியோ 2012 முதல் எஸ்எஸ்இ2 கட்டளைத் தொகுதி இயல்புநிலை. பென்டியம் 3-க்கும் அத்லான் எக்ஸ்பிக்கும் அது தெரியாது. ஆர்ச் தெரிவில் ஐஏ32 கொடுக்கலாம்.

அறிகுறி: லினக்ஸில் "ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை"

விண்டோஸில் இல்லாத சிம்பல் பதிப்பு ஏற்பாடு லினக்ஸில் உண்டு. அதனால் பிழை நேர்மையாக, எண்ணோடு வரும். ஜிலிப்சி பின்னோக்கிப் பொருந்தும். பழைய அமைப்பில் கட்டியது புதியதில் ஓடும், மறுதலை ஓடாது. 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல் த்ரெட் லைப்ரரியும் டிஎல் லைப்ரரியும் மூல லைப்ரரிக்குள் இணைக்கப்பட்டன, நிரல் தொடங்கும் செயல்கூறுக்கே புதிய பதிப்பு எண் வந்தது. எனவே 2.35 உள்ள உபுண்டு 22.04-இல் கட்டிய எந்தச் சிறு சி நிரலும், 2.31 உள்ள டெபியன் 11-இல் ஓடாது.

இங்கே செய்யக் கூடாதது, உங்கள் கணினியின் லிப்சி.எஸ்ஓ.6-ஐ நகலெடுத்து நிரலுடன் அனுப்புவது. ஜிலிப்சியும் அதன் லோடரும் ஒரே பில்டிலிருந்து வந்த ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் ஜிலிப்சி_ப்ரைவேட் என்ற பெயரில் சிம்பல் பிழை வரும், அல்லது ஒன்றுமே சொல்லாமல் விழும். நிலையாக இணைத்தால் தப்பலாம் என்றால், தளப் பெயரிலிருந்து இணைய முகவரி தேடும் செயல்கூறுகள் இயக்க நேரத்தில் அதே பதிப்பு ஜிலிப்சியைக் கேட்கும். மேலும் 2.26 முதல் ஜிலிப்சிக்குக் கெர்னல் 3.2 வேண்டும். சென்ட்ஓஎஸ் 6-இன் கெர்னல் 2.6.32, அதனால் "கெர்னல் மிகப் பழையது" என்று அங்கேயே நின்றுவிடும். முழு நிலை இணைப்பு வேண்டுமென்றால் மஸ்ல் என்ற மாற்று சி லைப்ரரியோடு கட்டுங்கள்.

சரியான வழி, ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய அமைப்பின் கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனித்து ஓடும் சூழல்) கட்டுவது. பைத்தான் உலகில் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். மெனிலினக்ஸ்2014 என்பது சென்ட்ஓஎஸ் 7-ஐ, அதாவது ஜிலிப்சி 2.17-ஐத் தளமாகக் கொண்டது. மெனிலினக்ஸ்_2_28 அல்மாலினக்ஸ் 8-ஐ. ஸிக் மொழியின் சி கம்பைலரில் இலக்கின் பெயரோடு ஜிலிப்சி எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால், கன்டெய்னர் இல்லாமலே அந்தப் பதிப்புக்குக் கட்டித் தருகிறது. அருமையான வசதி.

அறிகுறி: "ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.21 கிடைக்கவில்லை"

பெயரில் எக்ஸ்எக்ஸ் இருப்பதைக் கவனியுங்கள். இது லிப்எஸ்டிடிசி++, கம்பைலரின் சொத்து, நம் பொறுப்பு. 3.4.21 ஜிசிசி 5-இல் வந்தது. சென்ட்ஓஎஸ் 7-இன் ஜிசிசி 4.8.5-இல் 3.4.19 வரைதான்.

லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6-ஐச் சேர்த்து அனுப்பி, நிரலின் ஆர்பாத்தில் (லைப்ரரி தேட வேண்டிய பாதைகளை நிரலுக்குள் எழுதும் இடம்) டாலர் ஆரிஜின் (நிரல் இருக்கும் கோப்புறை) போட்டு உடன் கோப்புறையைக் காட்டலாம். இப்போது பல லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன்களின் லிங்கர் ஆர்பாத் என்று கேட்டால் ரன்பாத் என்று எழுதுகிறது. ரன்பாத், நிரல் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டும் பொருந்தும். அந்த லைப்ரரிகள் கேட்கும் அடுத்த லைப்ரரிக்குப் பொருந்தாது. "பக்கத்திலேயே இருக்கிறதே, ஏன் காணவில்லை என்கிறது" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. ஒவ்வொரு எஸ்ஓவிலும் (லினக்ஸின் பகிர்ந்த லைப்ரரிக் கோப்பு) தனியாக அதை எழுதுங்கள்.

சேர்த்து அனுப்பியதாலேயே வரும் கோளாறு ஒன்று உண்டு. பழைய அமைப்பில் ஓடும், புதிய அமைப்பில் ஓப்பன்ஜிஎல் (வரைகலை) டிரைவர் ஏற மறுக்கும். அந்தப் புதிய அமைப்பின் மெசா என்ற வரைகலை டிரைவர் எல்எல்விஎம் என்ற கம்பைலர் லைப்ரரியை ஏற்றுகிறது, அது புதிய லிப்எஸ்டிடிசி++ஐக் கேட்கிறது. நீங்கள் கொண்டுவந்த பழையது முன்பே நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது. தொடக்க ஸ்கிரிப்டில் இரண்டின் பதிப்பையும் ஒப்பிட்டு, அமைப்பின் நகல் புதியதாக இருந்தால் அதற்கு வழிவிடுங்கள்.

இதைவிட அழகான தீர்வு ரெட்ஹேட்டின் டெவ்டூல்செட்டில் இருக்கிறது. அங்கே லிங்கர், அமைப்பின் பழைய லிப்எஸ்டிடிசி++இல் உள்ளவற்றை அதிலிருந்தே எடுத்து, அதில் இல்லாத புதியவற்றை மட்டும் ஒரு சிறு நிலை லைப்ரரியிலிருந்து நிரலுக்குள் சேர்க்கிறது. புதிய கம்பைலரால் கட்டிய நிரல், எந்தக் கோப்பும் சுமக்காமல் பழைய அமைப்பில் ஓடும். டூல்செயின் தொகுக்கிறவர்கள் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டிய வேலைப்பாடு.

மிகப் பழைய லினக்ஸில், வகுத்தலே இல்லாத நிரல் "ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸப்ஷன்" என்று தொடக்கத்திலேயே விழுந்தால், ஜிலிப்சி 2.5-க்கு முந்தைய லோடருக்கு, சிம்பல் தேட உதவும் புதிய ஹேஷ் அட்டவணை தெரியவில்லை. லிங்கரில் ஹேஷ்-ஸ்டைலை போத் என்று வையுங்கள்.

அறிகுறி: மேக்கில் "லிப்ஸ்விஃப்ட்கோர் ஏற்றப்படவில்லை"

2019-இல் ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியின் 5-ஆம் பதிப்போடு அதன் ரன்டைம் இயங்குதளத்துக்குள் போனது. மேக் 10.14.4, ஐஓஎஸ் 12.2 முதல் அங்கேயே இருக்கும். அதற்கு முந்தைய பதிப்பை இலக்காக வைத்தால் ஆப்பிளின் கருவித் தொகுப்பான எக்ஸ்கோட் ரன்டைமை ஆப்பின் ஃப்ரேம்வொர்க்ஸ் கோப்புறையில் நகலெடுக்கும். கமாண்ட் லைன் நிரலுக்கு அப்படி ஒரு கோப்புறையே இல்லாததால் அங்கேதான் இந்தப் பிழை. பழைய மேக்குகளுக்கு ஆப்பிள் தனி ரன்டைம் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது.

ஒரே கிளாஸ் இரண்டு இடங்களில் இருக்கிறது என்ற எச்சரிக்கை புதிய மேக்கில் வந்தால், ஆர்பாத் வரிசையைப் பாருங்கள். அமைப்பின் யூஎஸ்ஆர்/லிப்/ஸ்விஃப்ட் முதலிலும், ஆப்பின் ஃப்ரேம்வொர்க்ஸ் அடுத்ததாகவும் இருக்க வேண்டும். அப்போது பழைய மேக்கில் மட்டும் உங்கள் நகல் பயன்படும். எக்ஸ்கோட் 13.2 முதல் அசிங்க்-அவெய்ட் வசதிக்கான லிப்ஸ்விஃப்ட்_கன்கரன்சி மேக் 10.15 வரை பின்னோக்கிப் போவதும் இதே வழியில்தான்.

சி++ என்றால் மேக்கில் லிப்சி++ஐச் சுமக்க வேண்டாம். டிப்ளாய்மென்ட் டார்கெட்டை (ஆதரிக்கும் மிகப் பழைய மேக் பதிப்பு) சரியாக வைத்தால் போதும். 10.14 என்று வைத்து ஃபைல்சிஸ்டம் லைப்ரரியைத் தொட்டால், அது 10.15-இல்தான் வந்தது என்று கம்பைலரே தடுத்துவிடும். பயனர் கணினியில் விழுவதற்குப் பதில் நம் மேசையிலேயே நிற்கிறது. மற்ற இரண்டு உலகங்களிலும் சி++ லைப்ரரிக்கு இதற்கு இணையாக ஒன்று இல்லையே என்று எனக்கு ஏக்கம் உண்டு.

பில்டிலேயே பிடித்து நிறுத்த

அந்த வசதியை ஓரளவு நாமே செய்துகொள்ளலாம். லினக்ஸில் ஆப்ஜ்டம்ப் கருவியைப் பெரிய டி (-T) தெரிவோடு ஓட்டினால், நிரல் வெளியிலிருந்து கேட்கும் சிம்பல்கள் பதிப்பு எண்ணோடு வரும். அதில் மிகப் பெரிய ஜிலிப்சி எண்ணை எடுத்து, நீங்கள் வாக்களித்த எண்ணைத் தாண்டினால் பில்டைத் தோற்கடியுங்கள். விண்டோஸில் டம்ப்பின் (dumpbin) கருவியை டிபென்டென்ட்ஸ் தெரிவோடு ஓட்டி, வரும் டிஎல்எல் பெயர்களை அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இம்போர்ட்ஸ் தெரிவு செயல்கூறு வரைக்கும் காட்டும். மேக்கில் ஓடூல் கருவியின் பெரிய எல் (-L) தெரிவு. லினக்ஸின் எல்டிடி கருவியை மட்டும் இதற்கு நம்பாதீர்கள். அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில் என்ன கிடைக்கிறது என்றுதான் சொல்லும்.

சோதனைக் கணினி உண்மையிலேயே வெறுமையாக இருக்க வேண்டும். விஷுவல் ஸ்டூடியோவோ வேறு பெரிய மென்பொருளோ ஒருமுறை ஏறிய விண்டோஸில் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளும் ஏறியிருக்கும், நீங்கள் சேர்க்காமல் விட்டது அங்கே தெரியாது. சர்வீஸ் பேக் வரை மட்டும் போட்ட விண்டோஸ் 7 மெய்நிகர் கணினி ஒன்றை ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அந்த நிலைக்குத் திரும்பிச் சோதியுங்கள். கம்பைலரைத் தொகுக்கிறவர்கள் இரண்டு முறை சோதிக்க வேண்டும். முதலில் கம்பைலரை அங்கே நிறுவி ஒரு நிரலைக் கட்டுங்கள். பிறகு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, கம்பைலரே இல்லாத அந்தக் கணினியில் கட்டிய நிரலை மட்டும் வைத்து ஓட்டுங்கள்.

உரிமம் பற்றியும் தொகுப்பில் ஒரு கோப்பு இருக்கட்டும். ஜிசிசியின் ரன்டைம்கள் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தோடு ரன்டைம் லைப்ரரி விலக்கு என்ற இணைப்பின் கீழ் வருகின்றன. வழக்கமான முறையில் கம்பைல் செய்த நிரலோடு அவற்றை இணைத்தால் உங்கள் நிரலும் ஜிபிஎல் ஆகிவிடாது. ஆனால் லிப்எஸ்டிடிசி++-6-ஐத் தனி டிஎல்எல்லாக அனுப்பும்போது அந்தக் கோப்பையே விநியோகிக்கிறீர்கள், அதற்கான உரிம உரையும் மூலக் கோடு தரும் கடமையும் உண்டு. மைக்ரோசாஃப்டின் கோப்புகளில் எவற்றை அனுப்பலாம் என்பது விஷுவல் ஸ்டூடியோவின் ரீடிஸ்ட் பட்டியலில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத கோப்பு தொகுப்புக்குள் இருந்தால், வெளியிடும் முன் எடுத்துவிடுங்கள்.